முகப்பும் ஒலியும்: கைவினை மிதிப்பெட்டிகளின் அணி பற்றிய ஒரு திறனாய்வு

கலைத் திறனாய்வு என்றதும் இலக்கியம், ஓவியம், சிற்பம், நாடகம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவன் தன் கையாற் செய்து தன் காலால் மிதிக்கும் சிறியதோர் உலோகப் பெட்டியின் மேற்றகடு திறனாய்வுக்குரிய பொருளாகுமா என ஐயுறுவோர் இருத்தல் கூடும். எனினும், ஒரு பொருளைச் செய்தவன் அதன் முகத்தில் ஏதேனும் ஒன்றை வரைந்தோ எழுதியோ விடுவானாயின், அவன் ஒரு தெரிவைச் செய்துவிட்டான் என்பதே உண்மை. தெரிவு உள்ள இடத்தில் மதிப்பீட்டுக்கும் இடமுண்டு. அம்மதிப்பீட்டை எவ்வளவைகொண்டு செய்யலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்கிற்றாரின் தந்தி அதிர்வு மின்குறிப்பாக மாறி ஒலிபெருக்கியைச் சென்றடையுமுன், அதனை இடையில் ஏற்று வேறாக்கி அனுப்பும் கருவியே மிதிப்பெட்டியாகும். வாசிப்போனின் இரு கைகளும் கிற்றாரிலேயே ஈடுபட்டிருத்தலின், இக்கருவியை இயக்கவும் நிறுத்தவும் அவனுக்குக் காலொன்றே எஞ்சுகின்றது. இதனாலேயே இது தரையில் வைத்து மிதிக்கும் பெட்டியாயிற்று. 'பெடல்' என்பது இளைஞர் வழக்கு. கடைகளில் இவை பல வகையாகக் கிடைப்பினும், சுற்றுப்படத்தைப் பார்த்து உறுப்புகளைத் திரட்டி, ஈயம் உருக்கி ஒட்டித் தாமே செய்துகொள்வோர் உலகெங்கும் உளர்.

இவ்வாறு செய்வோர் பெட்டியின் உள்ளே அமையும் சுற்றினைப் பெரும்பாலும் முன்னோரிடமிருந்தே பெறுகின்றனர். 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் கருவியின் சுற்றில் 2 திரான்சிற்றர்களும் 4 தடையிகளும் 3 கொள்ளளவிகளும் 2 மாறுந்தடைகளுமே உள்ளன. அதனைப் பார்த்துச் செய்தோர் எண்ணிலர். சுற்று பொதுவுடைமை போன்றது. முகப்போ அதனைச் செய்தவனுக்கே உரியது. வெண்பாவின் யாப்பு எல்லாப் புலவர்க்கும் பொதுவாயிருக்க, வெண்பா மட்டும் பாடியவனுடையதாவது போன்றதே இதுவும்.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்குக் கிழக்கிலமைந்த ஊர் கட்டைபறிச்சான். அத்தகைய ஓர் ஊரில் இளைஞனொருவன் இப்பெட்டிகளுள் ஒன்றைச் செய்து முடித்தான் எனக் கொள்வோம். சுற்று வேலை செய்கின்றது. முகம் வெறும் அலுமினியமாக இருக்கின்றது. அதில் அவன் எதை வரையலாம்? எம்மொழியில் எழுதலாம்? இவ்வினாவுக்கு விடை காண்பதாயின், அணி என்பது யாது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் முதற்கண் வேண்டற்பாலது.

அணி என்பது யாது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரக் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், பயன்படு பொருள்களின் மீது அணி செய்தலைக் குற்றமென்றே சாடினார். உழைப்பும் பொருளும் வீணாகின்றன என்பதும், வளர்ந்த சமுதாயத்துக்கு வெறுமையே அழகு என்பதும் அவர் வாதம். இதற்கு நேரெதிர் முனையில் நின்றவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டு இந்நாட்டுக் கைவினைஞரின் பணியை உலகறியச் செய்த அவர், 1939இல் அணி பற்றி எழுதிய கட்டுரையிற் சொல்லாராய்ச்சி வழியாக ஓர் உண்மையை நிறுவினார். அலங்காரம் என்னும் வடசொல்லும், அணியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பலவும், தொடக்கத்திற் 'போதியதாக்குதல்', 'வேண்டுவன கொடுத்து நிறைவாக்குதல்' என்னும் பொருளையே தந்தன; 'மேலதிக அழகு' என்னும் பொருள் பின்வந்தது என்பதே அவர் கண்ட முடிபாகும்.

தமிழிலே 'அணி' என்னும் சொல்லும் இதற்கு இயைந்தே நிற்றல் நோக்கத்தக்கது. பூணும் நகை அணி. போருக்கு ஒழுங்குபட நிற்கும் படையும் அணி. செய்யுளின் பொருளை விளங்கச் செய்யும் உவமையும் அணி. மூன்றிலும் பொதுவாய் நிற்பது, ஒன்றனை அதன் தொழிலுக்கு ஆயத்தமாக்குதல் என்னும் கருத்தாகும். படையின் அணி குலைந்தாற் படை தோற்கும். உவமை பிழைத்தாற் பொருள் மயங்கும். ஆகவே அணியை நீக்கினாலும் பொருள் குறைவின்றி நிற்குமாயின், அங்கு இருந்தது அணியன்று, ஒட்டு என்றே கொள்ளல் தகும்.

இசைக்கருவியின் தோற்றத்தை இவ்வாறு நோக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை யாழினை உறுப்புறுப்பாக வருணிக்கின்றது. பத்தரின் வடிவுக்கு மானின் குளம்படியும், போர்த்த தோலின் நிறத்துக்கு விளக்குச் சுடரும், துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகளுக்கு வளைவாழ் நண்டின் கண்களும் உவமையாகின்றன. இவ்வுவமைகள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் அமைப்பையோ தொழிலையோ பற்றியே எழுகின்றன. எங்கோ கிடந்த அழகொன்றைக் கொணர்ந்து யாழின்மேல் ஏற்றவில்லை. ஒருகாலத்தில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் மறைந்துபோன யாழின் உருவை மீட்டுரைக்க முயன்றபோது, இத்தகைய வருணனைகள் சான்றாகப் பயன்பட்டன. அணியுரை மெய்யுரையாக இருந்தமையாலன்றோ அது பின்னாளிற் சான்றாகவும் நிற்க முடிந்தது?

மிதிப்பெட்டியின் முகங்கள்

இவ்வளவைகொண்டு, மிதிப்பெட்டி தோன்றிய நாள் முதல் அதன் முகம் அடைந்த மாற்றங்களைச் சுருங்க நோக்குவோம்.

1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்சின் பாடலொன்றில், நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்து இயந்திரம் பழுதுபட்டமையால் இடையிசை கரகரத்துப் பதிவாயிற்று. பழுதே புதுமையாகக் கேட்டமையால், அவ்வொலியை வேண்டும்போது எழுப்புதற்கென ஒரு கருவி ஆக்கப்பட்டு 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாடலொன்று அவ்வொலியை உலகெங்கும் பரப்பிற்று. அக்கருவியின் முகத்தில் இருந்தவை பெயரும், ஒலியளவுக்கும் தாக்கத்துக்கும் உரிய இரு குமிழ்களின் குறிப்புமேயாம். ஓர் அலுவலகப் பொருளின் நேர்மை அதற்கு உண்டு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மேலே சுட்டிய ஃபஸ் ஃபேஸ் இவ்வகையில் ஒரு திருப்பமாகும். அதன் பெட்டி வட்ட வடிவினது. ஒலிவாங்கித் தாங்கியின் வட்டமான அடிப்பாகத்தைக் கண்டு அவ்வடிவம் தெரிந்தெடுக்கப்பட்டது என்பர். மேலே இரு குமிழ்கள் கண்களாக, கீழே வளைந்து செல்லும் பெயரெழுத்து வாயாக, முழுப் பெட்டியும் சிரிக்கும் முகமாகின்றது. இங்கு புதிதாக எதுவும் ஒட்டப்படவில்லை. வேண்டிய உறுப்புகளே வேண்டிய இடத்தில் நின்று முகமாகின்றன. யாழின் ஆணிகளை நண்டின் கண்களாகக் கண்ட புலவனின் பார்வைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது.

1977இல் யப்பானின் 'பொஸ்' நிறுவனம் தன் சிறு பெட்டிகளை வெளியிட்டது. வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நிறம் மட்டும் தொழிலுக்கேற்ப வேறுபட்டது. முதலில் வந்த மூன்றும் மஞ்சள், பச்சை, சிவப்பு. அரங்கின் மங்கிய ஒளியில் எழுத்தை வாசிக்க இயலாதபோதும் நிறம் வழிகாட்டும். இங்கு அணி முற்றிலும் பயனாகிவிட்டது. ஆயினும் ஒவ்வொரு பெட்டியும் மற்றதன் உடன்பிறப்பே. செய்த கையை அதிற் காண இயலாது.

செய்த கையை முகப்பிற்குக் கொணர்ந்தவர்களுள் அமெரிக்கரான சாக்கரி வெக்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1995இல் வெளிவந்த அவரது 'ஃபஸ் ஃபாக்டரி' பெட்டிகள் கையால் வண்ணந் தீட்டப்பட்டவை. ஆதலின் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பின்னாளில் அதே சுற்று, அச்சிட்ட முகத்துடன் குறைந்த விலைக்கும் விற்கப்பட்டது. ஒலி ஒன்றாயிருக்கவும் விலை இரண்டாயிற்று. கையின் உழைப்புக்குத் தனியே ஒரு மதிப்பு உண்டென்பதை வாங்குவோர் ஒப்புக்கொண்டனர்.

1994இல் வெளிவரத் தொடங்கிய 'க்ளோன் சென்டார்' முகப்பணியின் மற்றொரு முகத்தைக் காட்டும். பாதி மனிதனும் பாதி குதிரையுமான கிரேக்கப் புராண உருவம் அதன் முகப்பிற் பொறிக்கப்பட்டது. உள்ளே இருந்த சுற்றோ, பிறர் பார்த்துப் படியெடுக்காதபடி கரிய பிசின் ஊற்றி மூடப்பட்டது. வெளியே புராணம், உள்ளே மறைப்பு. இன்று அதன் முதற்படிகள் ஆயிரக்கணக்கான டொலர் விலைபோகின்றன. சிறந்த ஒலியுடைய கருவிதான். எனினும் அம்முகப்பு ஒலியைப் பற்றி யாது சொல்கின்றது என வினவின் விடை எளிதன்று. முகம் ஒரு முத்திரையாகிப் பின் முத்திரையே பொருளாகிவிட்டது.

தகடும் எழுத்தும்

முகப்பணியை மதிப்பிடுவோன் அது செய்யப்படும் முறையையும் அறிந்திருத்தல் நன்று. கைவினைஞர் பெரிதும் பயன்படுத்தும் வார்ப்பு அலுமினியப் பெட்டி ஏறத்தாழ 112 மில்லிமீற்றர் நீளமும் 60 மில்லிமீற்றர் அகலமும் 31 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அலுமினியத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் உறுதி மட்டுமன்று. நிலத்தொடுப்புச் செய்யப்பட்ட உலோகப் பெட்டி, வீட்டு மின்கம்பிகளிலிருந்து எழும் 50 ஏட்சு இரைச்சல் சுற்றினுட் புகாது காக்கின்றது. அழகு கருதி மரத்தாற் பெட்டி செய்வோன் உட்புறம் செப்புத்தாள் ஒட்ட வேண்டியவனாகின்றான். ஆகவே முகப்பின் பொருளே ஒலியின் தூய்மையோடு தொடர்புடையது.

முகப்பில் உருவெழுதும் முறைகள் பல. வண்ணந் தீட்டலாம், நீரில் ஊறவைத்து நழுவவிடும் மென்படலத்தில் அச்சிட்டு ஒட்டி மேலே அரக்குப் பூசலாம், அல்லது அரித்துப் பொறிக்கலாம். அரித்துப் பொறித்தலே நெடுநாள் நிற்பது. படத்தை இலேசர் அச்சுப்பொறியில் வலம் இடமாக மாற்றி அச்சிட்டு, சூடான மின்னழுத்தியால் தகட்டின்மேல் ஏற்றுவர். மை படிந்த இடம் காக்கப்படும். ஏனைய இடத்தைப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல் அரிக்கும். பள்ளத்தில் வண்ணம் நிரப்பி மேற்பரப்பைத் தேய்த்தால் உரு துலங்கும். செப்பு, பித்தளைத் தகடுகளில் இது மெல்ல நிகழும். அலுமினியத்திலோ வெப்பமும் வாயுவும் கிளம்ப விரைந்து நிகழும். எனவே காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்காப்பும் அணிந்து, சிறிது சிறிதாக அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். எஞ்சிய கரைசலில் உலோக உப்புகள் கலந்திருத்தலின், அதனைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டுதல் ஒருபோதும் ஆகாது. அழகிய தகடு கிடைத்து அயலவன் குடிநீர் கெடுமாயின் அவ்வழகைப் பற்றிப் பேசுதற்கு ஒன்றுமில்லை.

இம்முறையில் தமிழெழுத்தைப் பொறிக்கப் புகுவோன் தனிப்பட்ட ஓர் இடரை எதிர்நோக்குகின்றான். அரிப்புக் கரைசல் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அரிக்கும். ஆதலின் மெல்லிய கோடுகளும் சிறு புள்ளிகளும் கரைந்துபோகும். உரோம எழுத்தில் ஒரு புள்ளி போனாற் பெரும் இழப்பில்லை. தமிழிற் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகி விடும், சொல் வேறாகிவிடும். நம் முன்னோர் ஓலையில் எழுதியபோதும் இவ்விடர் இருந்தது. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை பொத்தலாகுமென அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். வாசிப்போன் இடம் நோக்கி உணர்ந்துகொண்டான். ஏட்டுச் சுவடியை அச்சேற்றியோர் இதனாற் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஓலை விதித்த கட்டுப்பாட்டை இன்று உலோகமும் விதிக்கின்றது. எழுத்தைப் பெரிதாக்குதலும், புள்ளியைத் தடித்த சிறு வட்டமாக இடுதலும், இயன்றவரை ஒற்று வாராத சொற்களைத் தெரிதலுமே இதற்குரிய வழிகள்.

எழுத்தின் அளவும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. நின்று வாசிப்போனின் கண்ணுக்கும் தரையிலுள்ள பெட்டிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். குறையற்ற கண் நல்ல ஒளியில் அத்தூரத்தில் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேலானது. மேடையின் மங்கலொளிக்கும் தமிழெழுத்தின் சுழிகளுக்கும் இடமளிப்பின் 5 மில்லிமீற்றரேனும் வேண்டும். 60 மில்லிமீற்றர் அகலத்தில் மூன்று குமிழ்கள் அமையுமாயின் ஒவ்வொன்றன் பெயருக்கும் கிடைப்பது 20 மில்லிமீற்றர். 'ஒலியளவுக் கட்டுப்பாடு' என எழுத அங்கு இடமில்லை. அளவு, நிறம், திரிபு என மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களே பொருந்தும்.

இவற்றுள் 'திரிபு' என்னும் சொல்லைச் சற்று விளக்குதல் தகும். கரகரப்பை உண்டாக்கும் சுற்று, ஒலியலையின் வீச்சத்தை அளவுக்கு மீறி உயர்த்தி அதன் முடிகளை வெட்டிவிடுகின்றது. முடிகள் வெட்டுண்ட அலையில் முன்னில்லாத மேற்றொனிகள் பிறக்கின்றன. ஒலி வேறாகின்றது. நன்னூலார் புணர்ச்சியில் நிகழும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். மிதிப்பெட்டியினுள் அலைமுடி கெடுகின்றது, மேற்றொனி தோன்றுகின்றது, அதனால் ஒலி திரிகின்றது. பிறமொழிச் சொல்லொன்றை வலிந்து பெயர்க்காமல், நிகழ்வது யாதென உணர்ந்து பெயரிடின், நம் இலக்கணமே வேண்டிய சொல்லைத் தருகின்றது.

இருவகைப் பிழைகள்

கைவினைப் பெட்டிகளின் முகப்புகளிற் பொதுவாகக் காணப்படும் பிழைகள் இருவகையின.

முதலாவது இரவல் முகம். மண்டையோடு, தீநாக்கு, மின்னல், ஆங்கிலத்திற் கூர்முனை எழுத்து ஆகியன மேலைநாட்டு வன்னிசைக் குழுக்களின் இசைத்தட்டு உறைகளிலிருந்து வந்தவை. அவை பிறந்த சூழலில் அவற்றுக்கு ஒரு பொருள் இருந்தது. இங்கு வந்தபோது 'இதுவும் அவ்வினத்தது' என்னும் அறிவிப்பு மட்டுமே மிஞ்சியது. மெல்லிய எதிரொலியை எழுப்பும் பெட்டிக்கும் மண்டையோடே முகமானால், முகம் பொய்யுரைக்கின்றது என்பதே பொருள்.

இரண்டாவது பிழை முதலாவதற்கு மறுப்பாகத் தோன்றுவது. ஆயினும் அதன் இனத்ததே. இது நம்முடையது எனக் காட்டும் ஆர்வத்தால் யாழின் படத்தையோ நடராசர் உருவத்தையோ கோயிற் கோபுரத்தையோ முகப்பில் ஏற்றுதல் அது. காலால் மிதிக்கப்படும் பொருளின்மேல் வழிபடும் உருவை வரைதல் பொருந்துமா என்பது ஒருபுறமிருக்க, அவ்வுருவுக்கும் பெட்டியின் தொழிலுக்கும் உள்ள உறவு யாது? ஈழத்து இலக்கியத்தில் மண்வாசனை பற்றிய விவாதம் எழுந்த காலத்தில், வட்டார வழக்குச் சொற்களை ஆங்காங்கே தூவிவிடுவதால் மண்வாசனை வந்துவிடாது என்பது வற்புறுத்தப்பட்டது. மண்ணில் வாழ்வோரின் தொழிலையும் உறவையும் உள்ளிருந்து காட்டும்போதே அது கமழும். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' கதைத் தொகுதி இன்றும் நினைக்கப்படுவது அதன் தலைப்பில் ஒரு தோணி இருப்பதனாலன்று. அதே அளவையே தகட்டுக்கும் பொருந்தும். கோபுரப் படம் பதித்த பெட்டி தமிழ்ப் பெட்டியாகிவிடாது.

கட்டைபறிச்சானில் ஒரு முகப்பு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கிழக்குக் கரைக்குக் கிற்றார் அந்நியமன்று. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் கஃப்ரிஞ்ஞா ஆடலிசையிற் கிற்றாரை நெடுநாளாக வாசித்து வந்துள்ளனர். திருகோணமலையின் பரமேஸ் – கோணேஸ் சகோதரர் தம் மெல்லிசைப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டனர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வழியாக 1970களில் ஈழத்துப் பொப்பிசை கடல் கடந்தும் கேட்டது. ஆகவே இங்குள்ள இளைஞன் கிற்றாரை ஏந்துவதற்கு யாரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. தன் முகப்பில் தமிழில் எழுதுவதற்குக் கூசவும் வேண்டியதில்லை.

எனினும் முகப்பில் எழுதுதல் என்பது இப்பகுதி மக்களுக்கு அழகியற் செய்தி மட்டுமாக இருந்ததில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்கலங்கள் செல்வது தடைசெய்யப்பட்டிருந்தபோது, மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். கையால் ஆக்கிய மின்கருவி அன்று பொழுதுபோக்காக இருக்கவில்லை. கட்டைபறிச்சானிலோ இராணுவ முகாம் இருந்தது. 2006 ஓகஸ்ட் மாதத்துச் சண்டையில் அம்முகாமும் தாக்குதலுக்குள்ளாயிற்று. அவ்வாண்டில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, 2015, 2016 ஆண்டுகளிலேயே தம் நிலங்களுக்கு மீளத் தொடங்கினர். 9 வோல்ற்று மின்கலமும் கம்பியும் ஆளியும் கொண்ட பெயரற்ற உலோகப் பெட்டியொன்றை ஒரு சோதனைச் சாவடியிற் கையில் வைத்திருத்தல் என்ன விளைவைத் தரும் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. 'இது இன்னது, இன்னான் செய்தது, இன்ன தொழிலது' என ஒரு பொருளின் முகம் வெளிப்படையாகக் கூறுதல் எத்துணைப் பெறுமதியுடையது என்பதை இம்மண் அறியும். அணி என்பது நிறைவாக்குதல் என்னும் கருத்து இங்கு ஏட்டளவில் நிற்கவில்லை.

இவ்வகை முகப்புக்கு முன்மாதிரிகளும் இங்கேயே உள்ளன. குடாவில் மீன்பிடிக்கும் படகின் முன்புறத்தைப் பாருங்கள். அரசு கேட்கும் பதிவெண் ஒருபுறம். உரிமையாளன் விரும்பி இட்ட பெயர் ஒருபுறம். தூரத்தே தெரியும் நிறம் உடலெங்கும். எண்ணை அழகுக்காக ஒளிப்பதுமில்லை. எண் இருப்பதனாற் பெயரை விடுவதுமில்லை. மட்டக்களப்பிலும் கொட்டியாரத்திலும் ஆடப்பட்டு வந்த வடமோடிக் கூத்தை நோக்குங்கள். அரச வேடத்தாரின் முடியிலே பதிக்கப்படும் கண்ணாடித் துண்டுகள் இரவுக் களரியின் ஒளியை வாங்கி எறிகின்றன. சுற்றியமர்ந்த பார்வையாளனுக்கு எங்கிருந்து நோக்கினும் அரசன் இன்னானெனத் தெரிகின்றது. பகலிலே வீட்டில் வைத்துப் பார்ப்போனுக்கு அது பகட்டாகத் தோன்றலாம். களரியில் அது கண்ணுக்கு வழிகாட்டி. அணியை அதன் தொழிற்களத்தில் வைத்தே மதிப்பிடல் வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து படகின் படத்தையோ கூத்து முடியின் படத்தையோ படியெடுத்து ஒட்டும்படி கூறுவதாகக் கொள்ளலாகாது. அது மேலே கடிந்த இரண்டாம் பிழையாகவே முடியும். கொள்ளத்தக்கது முறை. படகிலிருந்து, கட்டாயமான குறிப்பும் விருப்பமான பெயரும் ஒரே பரப்பில் ஒன்றையொன்று மறையாது நிற்கும் ஒழுங்கைக் கொள்ளலாம். கூத்திலிருந்து, மங்கிய ஒளியில் தொலைவிலிருந்து நோக்கும் கண்ணை முதற்கண் கருதும் மனநிலையைக் கொள்ளலாம்.

இவற்றைக்கொண்டு ஒரு முகப்பை மதிப்பிடுவோன் கேட்கத்தக்க வினாக்கள் நான்கு. மிதிக்கும் காலுக்கு அது இடம் விட்டதா? ஆளியைச் சுற்றி நுண்ணிய ஓவியம் வரைந்தால் ஓராண்டிற் பாதணி அதனைத் தேய்த்துவிடும். அவ்விடத்தை வெறுமையாக விடுதலும் அணியின் ஒரு கூறே. திருப்பும் கைக்கு அது வழிகாட்டுகின்றதா? கேட்கும் செவிக்கு அது மெய்யுரைக்கின்றதா. அஃதாவது உருவும் நிறமும் பெட்டி எழுப்பும் ஒலியின் இயல்போடு இயைகின்றனவா? செய்தவனை அது காட்டுகின்றதா? முதல் மூன்றும் நிறைவேறி நான்காவது இல்லையாயின் அது தொழிற்சாலைப் பண்டம். நான்காவது மட்டும் இருந்து முதல் மூன்றும் இல்லையாயின் அது சுவரில் தொங்க வேண்டிய படம். தரையில் மிதிபட வேண்டியதில்லை.

ஒலியே முதன்மையானது, முகம் எவ்வாறிருந்தால் என்ன எனக் கூறுவோர் இருப்பர். கண்ணை மூடிக் கேட்போனுக்கு இக்கூற்று பொருந்தும். வாசிப்போன் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பதில்லை. அவன் எந்தக் குமிழை எவ்வளவு திருப்பத் துணிகின்றான் என்பது, அக்குமிழின் பெயரையும் இடத்தையும் அவன் எவ்வளவு தெளிவாக உணர்கின்றான் என்பதைப் பொறுத்தது. விளங்காத குமிழை ஒருமுறை அமைத்தபின் அவன் மீண்டும் தொடுவதில்லை. அக்குமிழ் தரக்கூடிய ஒலிகள் அப்பெட்டியிலிருந்து ஒருபோதும் எழுவதில்லை. ஆதலின் முகப்பின் தெளிவு இறுதியில் ஒலியாகவே கேட்கின்றது.

தாய்மொழியில் எழுதப்பட்ட மூன்று சிறு சொற்கள், மிதிபடும் இடத்தை விட்டு விலகிய ஓர் உரு, தொலைவிலே தெரியும் ஒரு நிறம், மூடியின் உட்புறத்தே செய்தவன் பெயரும் ஊரும் ஆண்டும் – கட்டைபறிச்சான் இளைஞனின் தகட்டுக்கு இவை போதும். உள்ளே இருக்கும் சுற்றை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ யாரோ ஒருவர் முன்னரே வரைந்துவிட்டார். அதனை மறைக்க வேண்டியதில்லை. முகத்தை மட்டும் அவனே எழுதல் வேண்டும்.